மொய்ல்வ்ரே: கச்சானுக்கு மறைப்பு, வாடைக்குத் திறப்பு

கேள்வி: வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் மொய்ல்வ்ரே என்றொரு சிற்றூர். 1859 அக்டோபரில் ஒரு பெருங்கப்பல் அங்கே உடைந்தது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1959 அக்டோபரில், ஏறக்குறைய அதே இடத்தில் இன்னொரு கப்பலும் உடைந்தது. இது வெறும் தற்செயலா? அந்த ஊரின் வரலாறுதான் என்ன?

நாள் ஒத்துப்போனது தற்செயல். இடம் ஒத்துப்போனது தற்செயல் அல்ல. அந்த வளைகுடா எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது தெரிந்தால் ஊரின் வரலாற்றில் பாதி புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிள்சியை வேல்ஸ்காரர்கள் அனிஸ் மோன் என்பார்கள். அதன் கிழக்குக் கரையில், சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர் மொய்ல்வ்ரே. மொட்டைக் குன்று என்பது பெயரின் பொருள். அந்தக் கடற்பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி காற்று தென்மேற்கிலிருந்து வீசும். தீவின் நிலப்பரப்பே அந்தக் காற்றை மறித்துக்கொள்வதால் மொய்ல்வ்ரே வளைகுடா அமைதியாகக் கிடக்கும். லிவர்பூலுக்குப் போகும் கப்பல்களும் அங்கிருந்து வரும் கப்பல்களும் காலங்காலமாக அங்கே ஒதுங்கி நங்கூரமிட்டதற்கு இதுதான் காரணம். ஆனால் வடக்கும் வடகிழக்கும் மறைப்பே இல்லாத வெட்டவெளி. தென்மேற்குக் காற்றைக் கச்சான் என்றும் வடக்குக் காற்றை வாடை என்றும் சொல்லும் நம் கடற்கரைக்காரர் சொல்லில் கச்சானுக்கு மறைப்பு, வாடைக்குத் திறப்பு. கச்சானுக்கு அஞ்சி உள்ளே வந்த கப்பல், காற்று வாடைக்குத் திரும்பிவிட்டால், அதே காற்றால் பாறைமேல் தள்ளப்படும். வெளியேறவும் வழியிருக்காது.

காற்று ஏன் திரும்புகிறது? வடகோளத்தில் தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்த மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். அந்த மையம் வழக்கம்போல ஆங்கிள்சிக்கு மேற்கிலும் வடக்கிலுமாகக் கடந்துபோனால், காற்று தென்கிழக்கிலிருந்து தெற்கு, பிறகு தென்மேற்கு என்று மாறும். ஊர் தப்பிக்கும். மையம் தெற்கே வந்து, தீவுக்குக் கிழக்கால் வடக்கு நோக்கி ஏறினால், காற்று கிழக்கு, வடகிழக்கு, வடக்கு என்று எதிர்ச்சுற்றாகத் திரும்பும். மொய்ல்வ்ரேக்குக் கெட்ட காலம் அப்போதுதான். கரையோரம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, படிக்கட்டுபோல அடுக்கடுக்காகக் கடலுக்குள் இறங்குகிறது. அலையில் கப்பலைத் தூக்கித் தூக்கி அடிக்க இதைவிட மோசமான கல் கிடைப்பது கடினம்.

அதே சுண்ணாம்புக் கல்தான் ஊரின் மிகப் பழைய தடயங்களுக்கும் அடித்தளம். கடலிலிருந்து சற்று உள்ளே லிக்வி என்னும் இடத்தில் புதிய கற்காலக் கல்லறை ஒன்று இருக்கிறது. மேலே மூடியிருக்கும் ஒற்றைக் கல்லின் எடை சுமார் 25 டன். 1909 அகழாய்வில் அதற்குள் 15 முதல் 30 பேர் வரையிலானவர்களின் எலும்புகள் கிடைத்தன. பக்கத்தில் டின் லிக்வி என்ற குடியிருப்பின் சுவர்கள் நிற்கின்றன. ரோமானியர் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில், 4-ம் நூற்றாண்டில், உள்ளூர்க்காரர்கள் வாழ்ந்த இடம் அது. ஐங்கோண மதிலுக்குள் வட்ட வீடுகளும் நீள்சதுரக் கட்டடங்களும் உண்டு. இரும்பு உருக்கிய அடுப்புகளின் தடயமும் கிடைத்தது. வயல்வெளியில் தனியே நிற்கும் 12-ம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றையும் சேர்த்தால், நான்காயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட கால இடைவெளி கொண்ட மூன்று கட்டடங்களை ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

எழுத்தில் பதிந்த முதல் பெரிய நிகழ்ச்சி 1157-ல் நடந்தது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி வடக்கு வேல்ஸ் மீது படையெடுத்தபோது அவருடைய கப்பற்படை இந்தக் கரையில் இறங்கியது. படைவீரர்கள் அக்கம்பக்கத் தேவாலயங்களைக் கொள்ளையடித்தார்கள். தீவுக்காரர்கள் திரண்டு வந்து அவர்களைத் தோற்கடித்தார்கள். முந்தைய அரசர் முதலாம் ஹென்றியின் திருமணத்துக்குப் புறம்பான மகன் ஒருவரும் அதில் மாண்டார். க்வல்க்மாய் என்ற வேல்ஸ் புலவர் தம் அரசர் ஒவைன் க்வினெத்தைப் புகழ்ந்து பாடிய பாட்டில் இந்தப் போர் வருகிறது. கடல் செந்நிறமான போர்க்களத்தைப் பாடும் மரபு நமக்குப் புதிதல்ல, எனவே அந்தப் பாட்டின் தொனியை எளிதில் ஊகிக்கலாம்.

அதன்பின் பல நூற்றாண்டுகள் மொய்ல்வ்ரே மீனவர் ஊர், மாலுமிகள் ஊர். இலையுதிர் காலத்தில் ஹெர்ரிங் மீன் கூட்டமாக வரும். அது நம் மத்தியின் குடும்பம்தான், அளவில் பெரியது. மொய்ல்வ்ரே ஹெர்ரிங் என்றால் தீவின் உட்பகுதிகளிலும் பெயர் பெற்ற சரக்கு. சுண்ணாம்புக் கல்லும் வெட்டிக் கப்பலேற்றினார்கள். ஆனால் ஊரைப் பெருங்கடலோடு இணைத்தது லிவர்பூல். 18-ம் நூற்றாண்டிலிருந்தே லிவர்பூல் துறைமுகத்துக்குள் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகள் வடக்கே சில கிலோமீட்டர் தள்ளியுள்ள லினஸ் முனையில் கப்பலேறுவார்கள். இன்றுள்ள கலங்கரை விளக்கம் 1835-ல் கட்டப்பட்டது. லிவர்பூலுக்குள் நுழையும் ஒவ்வொரு பெரிய கப்பலும் பைலட்டை ஏற்றுவதற்காக இந்த முனையருகே வேகம் குறைத்தாக வேண்டும். 1859-ல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் மிக முக்கியம்.

ராயல் சார்ட்டர் 2,719 டன் இரும்புக் கப்பல். 1855-ல் கடலில் இறங்கியது. அடிப்படையில் பாய்மரக் கப்பல்தான், காற்று விழும்போது உதவ 200 குதிரைத்திறன் நீராவி எந்திரம் ஒன்றும் இருந்தது. மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்கு 60 நாளுக்குள் வருவதே அதன் விளம்பரம். 1859 ஆகஸ்ட் 26-ல் மெல்போர்னை விட்டது. ஏறியவர்களில் பலர் ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் சம்பாதித்துத் திரும்பியவர்கள். சரக்கறையில் இருந்த தங்கத்தின் மதிப்பு மட்டும் அன்றைய கணக்கில் 3 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டுக்கு மேல். பயணிகள் உடலோடு கட்டி வைத்திருந்தது இதில் சேராது. அயர்லாந்தில் சிலரை இறக்கிவிட்டு, அக்டோபர் 25 பிற்பகலில் ஆங்கிள்சியின் மேற்கோரத் துறைமுகமான ஹோலிஹெட்டைக் கடந்தது. காற்றழுத்தமானி இறங்கிக்கொண்டிருந்தது. ஹோலிஹெட்டிலேயே ஒதுங்கியிருக்கலாமே என்ற கேள்வி அன்றிலிருந்து கேட்கப்படுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் இன்னும் ஓர் இரவுப் பயணத்தில் ஊர் வந்துவிடும், 60 நாள் என்று பெயர் வாங்கிய கப்பல், காற்று அப்போது கிழக்கிலிருந்துதான் அடித்தது. அந்த நிலையில் தளபதி தாமஸ் டெய்லர் எடுத்த முடிவை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது.

மாலையில் லினஸ் முனையருகே பைலட்டுக்காகச் சைகை காட்டினார்கள். அந்தக் கடலில் எந்தப் பைலட் படகும் வர முடியவில்லை. காற்று வடகிழக்குக்கும் வடக்குக்கும் இடையே திரும்பிச் சூறாவளி அளவுக்கு ஏறியது. முன்னே நகர முடியாமல் இரவு 11 மணிக்கு இரண்டு நங்கூரங்களையும் போட்டார்கள். இங்கே நங்கூரத்தின் பலவீனம் ஒன்றைச் சொல்லவேண்டும். சங்கிலி நீளமாகக் கிடந்து, கடலடியோடு படுத்து இழுத்தால்தான் நங்கூரம் பிடிக்கும். கப்பலின் முன்பகுதி அலையில் மேலே எகிறும்போது சங்கிலி விறைத்து வெட்டி இழுக்கும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு வெட்டு. எடை மட்டுமே என்றால் சங்கிலி தாங்கியிருக்கும், இந்த வெட்டுகளைத் தாங்காது. அதிகாலை 1.30-க்கு முதல் சங்கிலி அறுந்தது. மொத்தச் சுமையும் மற்றதன் மேல் விழுந்தது. 2.30-க்கு அதுவும் போனது. காற்றுப் பிடிக்கும் பரப்பைக் குறைக்கப் பாய்மரங்களை வெட்டித் தள்ளினார்கள். அது தாமதமான முடிவு. எந்திரம் முழு விசையில் ஓடியும் அவ்வளவு பெரிய உடலை அந்தக் காற்றுக்கு எதிரே நிறுத்தும் வலு அதற்கு இல்லை.

3.30 வாக்கில் கப்பல் முதலில் மணலில் தட்டியது. அத்தோடு நின்றிருந்தால் விடிந்தபின் பெரும்பாலோர் பிழைத்திருக்கலாம். ஆனால் நீர் ஏறிக்கொண்டிருந்தது. ஏற்றம் கப்பலை மணலிலிருந்து தூக்கி, மொய்ல்வ்ரேக்குச் சற்று வடக்கே உள்ள சுண்ணாம்புப் பாறைப் படிகளில் கொண்டுபோய் அறைந்தது. கரை சில பத்து அடி தூரத்தில் தெரிந்தது. மால்டாவைச் சேர்ந்த குழே ருஜ்ஜியர் என்ற மாலுமி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீந்திக் கரையேறினார். அந்தக் கயிற்றோடு தடித்த வடம் ஒன்றைக் கரைக்கு இழுத்து, அதில் தொங்கு இருக்கை ஒன்றைக் கோத்து, ஒவ்வொருவராக இழுக்கத் தொடங்கினார்கள். இந்த முறை மெதுவானது, ஒருவருக்குச் சில நிமிடம் ஆகும். அதற்குள் கப்பல் நடுவில் பிளந்தது. ஊர் ஆண்கள் 28 பேர் கைகோத்துச் சங்கிலிபோல அலைக்குள் இறங்கி, எட்டியவர்களை இழுத்தெடுத்தார்கள். பிழைத்தவர்கள் 40 பேர் அளவில். அவர்களில் ஒரு பெண்ணும் இல்லை, ஒரு குழந்தையும் இல்லை. பயணிகளின் முழுப் பட்டியல் கப்பலோடு போனதால் இறந்தவர்களின் சரியான எண்ணிக்கை இல்லை. 450-க்கு மேல் என்பதே பொதுவாக ஏற்கப்படும் கணக்கு.

இடுப்பில் தங்கம் கட்டியிருந்ததால் மூழ்கிச் செத்தார்கள் என்ற கதை எங்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சிலருக்கு அப்படி நடந்திருக்கும். ஆனால் அந்த அலையில் நீந்தத் தெரிந்தவர், தெரியாதவர், தங்கம் வைத்திருந்தவர், வெறுங்கையர் எல்லோரையும் கொன்றது பாறைதான். கரையொதுங்கிய உடல்கள் பல அடையாளமே தெரியாதபடி சிதைந்திருந்தன.

உடல்கள் போய்ச் சேர்ந்தது லானல்கோ என்ற பக்கத்து ஊர்த் தேவாலயத்துக்கு. அதன் பாதிரியார் ஸ்டீபன் ரூஸ் ஹியூஸ் தேவாலயத்தையே பிணவறையாக்கினார், வழிபாட்டைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். உடல்களில் இருந்த மச்சம், பொத்தான், கைக்குட்டையில் தைத்த எழுத்து என்று ஒவ்வொன்றையும் குறித்துவைத்து, உறவினர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். 140-க்கும் மேற்பட்டவர்களை அவரும் பக்கத்துப் பங்கில் பாதிரியாராக இருந்த அவர் சகோதரரும் அடக்கம் செய்தார்கள். விபத்து நடந்த இரண்டே மாதத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் அங்கு நேரில் வந்து எழுதியதால்தான் இந்தப் பாதிரியாரின் பெயர் உலகுக்குத் தெரிந்தது. 1862-ல், ஐம்பது வயது ஆகுமுன்பே ஹியூஸ் இறந்துபோனார்.

தங்கத்தைத் திருடி ஊரார் பணக்காரர்கள் ஆனார்கள் என்ற பேச்சும் அப்போதே கிளம்பியது. சுங்க அதிகாரிகளும் படைவீரர்களும் கரையைக் காவல் காத்தார்கள். சரக்கறைத் தங்கத்தின் பெரும்பகுதியை முக்குளிப்போர் விரைவிலேயே மீட்டுவிட்டார்கள். பயணிகளின் சொந்தத் தங்கத்துக்குக் கணக்கே இல்லாததால் வதந்திக்கு எல்லையும் இல்லாமல் போனது. 28 பேர் உயிரைப் பணயம் வைத்து அலையில் இறங்கியதைவிட இந்த வதந்திதான் செய்தித்தாள்களுக்கு நீண்ட நாள் இனித்தது.

அந்தப் புயலில் பிரிட்டன் கரைகளில் 133 கப்பல்கள் அழிந்தன, சுமார் 800 பேர் இறந்தார்கள். புயல் எச்சரிக்கை பிறந்ததே இந்த விபத்தால்தான் என்று பல இடங்களில் படிப்பீர்கள். சிறு திருத்தம் தேவை. கடல் வானிலைக்கான அரசுத் துறை 1854-லேயே தொடங்கிவிட்டது. அதன் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், டார்வினை பீகிள் கப்பலில் ஏற்றிச் சென்ற அதே தளபதி. தந்தி வழியாகப் புயலை முன்னறிவிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் விபத்துக்கு முந்தைய மாதமே பரிந்துரைத்தும் இருந்தது. ராயல் சார்ட்டர் செய்தது, ஏட்டில் கிடந்த யோசனைக்குக் காசும் அவசரமும் தந்தது. பல ஊர்களின் அழுத்த, காற்று அளவீடுகளை மணி வாரியாக வரைபடத்தில் வைத்து, அந்தப் புயல் நகர்ந்த பாதையை ஃபிட்ஸ்ராய் காட்டினார். தந்தி வழியாக எச்சரிக்கும் ஏற்பாடு இருந்திருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்பது அவர் வாதம். 1861 பிப்ரவரியில் முதல் எச்சரிக்கை வெளியானது.

துறைமுகக் கம்பத்தில் கித்தான் துணியால் செய்த கூம்பை ஏற்றுவார்கள். முனை மேல்நோக்கி இருந்தால் வடக்குப் புயல், கீழ்நோக்கி இருந்தால் தெற்குப் புயல். உருளை ஏறினால் காற்று திசை மாறி மாறி அடிக்கும் என்று பொருள். இரவில் விளக்குகள். எழுதப் படிக்கத் தெரியாத மீனவருக்கும் ஒரு மைல் தொலைவிலிருந்து புரியவேண்டும் என்பதே இதன் நுட்பம். நாகையிலும் கடலூரிலும் ஏறும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் அதே வழிமுறையில் வந்ததுதான். மொய்ல்வ்ரேக்கு மிகவும் வேண்டியிருந்த தகவல் காற்றின் வேகம் அல்ல, திசை. கூம்பின் முனை சொன்னதும் அதைத்தான். 1865-ல் ஃபிட்ஸ்ராய் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு இறுதியில் எச்சரிக்கைகளை நிறுத்தினார்கள். மாலுமிகளும் துறைமுகக்காரர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்ததால் 1867-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஊரில் மீட்புப் படகு நிலையம் 1848-லேயே இருந்தது. ஆங்கிள்சி தீவுக்காரர்கள் தாங்களே அமைத்த உயிர்காப்புச் சங்கம் அதை நடத்தியது. 1855-ல் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன் என்ற தேசியத் தொண்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. படகோட்டிகள் ஊர் மீனவர்களும் மாலுமிகளும்தான். 1927 அக்டோபரில் எக்ஸல் என்ற சிறு பாய்க்கப்பல் மூழ்கியபோது, எந்திரமே இல்லாத துடுப்புப் படகில் போனார்கள். வேறு வழியில்லாமல் மூழ்கும் கப்பலின் மேலேயே படகை ஏற்றி மூன்று பேரைத் தூக்கினார்கள். படகின் அடிப்பாகம் கிழிந்து நீர் நிறைந்தது. பக்கங்களில் அடைத்த காற்றுப் பெட்டிகளால் மட்டுமே மிதந்தபடி இரவைக் கழித்தார்கள். மீட்கப்பட்ட ஒருவரும் படகுக்காரர் ஒருவரும் உயிரிழந்தனர். இரண்டு தங்கப் பதக்கங்கள் அந்த ஓர் இரவுக்காக.

1959 அக்டோபர் 27. ஹிண்ட்லீ என்ற சரக்குக் கப்பல் அந்தக் கடலோரத்தில் ஒதுங்கி நங்கூரமிட்டிருந்தது. சரக்கில்லாத கப்பல் என்பதால் உயரமாக மிதந்து காற்றை நிறையப் பிடித்தது. தென்கிழக்கிலிருந்து வீசிய காற்று திடீரென வடக்குக்குத் திரும்பி மணிக்கு 104 மைல், அதாவது சுமார் 167 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. நூறாண்டுக்கு முந்தைய அதே பொறி. நிலையத்தின் வழக்கமான படகு பழுதுபார்க்கப் போயிருந்தது. இருந்தது எட்மண்ட் அண்ட் மேரி ராபின்சன் என்ற பழைய மாற்றுப் படகு. தொலைபேசிக் கம்பிகள் அறுந்ததால் முழுக் குழுவைக் கூப்பிட முடியவில்லை. காக்ஸ்வைன் எனப்படும் படகுத் தலைவர் ரிச்சர்ட் எவன்ஸ், ஊரில் டிக் எவன்ஸ், கையில் கிடைத்த நால்வரோடு கிளம்பினார். அவர்களில் ஒருவருக்கு மீட்புப் பணியில் அதுவே முதல் நாள்.

இத்தகைய மீட்பில் பக்கத்தில் போய்ப் படகைக் கட்டிவைக்க முடியாது. கட்டினால் அடுத்த அலையில் நொறுங்கும். படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, கப்பலின் பக்கத்தில் ஒரு கணம் அழுத்த வேண்டும், ஒருவர் குதிக்க வேண்டும், உடனே பின்வாங்க வேண்டும். நங்கூரச் சுமையைக் குறைக்கக் கப்பலின் எந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால், பின்பகுதி அலையில் எழும்போதெல்லாம் சுழலும் விசிறி படகுக்காரர்களின் தலைக்கு மேலே வந்தது. எவன்ஸ் பத்து முறை உள்ளே போனார். ஒரு முறை அலை படகையே தூக்கிக் கப்பலின் தளத்தில் வைத்து, மறுபடி கடலில் இறக்கியது. எட்டுப் பேரும் தப்பினார்கள். அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கழிந்ததும் ஹிண்ட்லீ பாறையில் மோதி இரண்டாக உடைந்தது. எவன்ஸுக்குத் தங்கம், எந்திரக்காரருக்கு வெள்ளி, மற்ற மூவருக்கும் வெண்கலம்.

1966 டிசம்பரில் நாஃப்சிபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலிலிருந்து ஹோலிஹெட் படகு 5 பேரையும் மொய்ல்வ்ரே படகு 10 பேரையும் எடுத்தன. அறுபது வயதைத் தாண்டியிருந்த எவன்ஸுக்கு அது இரண்டாவது தங்கப் பதக்கம். 1970-ல் ஓய்வு பெறும்வரை அவர் பங்கெடுத்த மீட்புகளில் 281 பேர் உயிர் பிழைத்தார்கள். படகு நிலையத்தருகே கடலைப் பார்த்தபடி அவருக்கு வெண்கலச் சிலை நிற்கிறது.

இன்று ஹெர்ரிங் இல்லை, கல் ஏற்றுமதியும் இல்லை. சுற்றுலாவும் விடுமுறை வீடுகளும்தான் பிழைப்பு. மீட்புப் பணி மட்டும் நிற்கவில்லை. 2013 முதல் அங்கிருப்பது 25 நாட், அதாவது மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர், வேகம் போகும் டமார் வகைப் படகு. நியூசிலாந்துக்காரர் ஒருவர் உயிலில் விட்ட பணத்தில் வாங்கியது என்பதால் பெயர் கிவி.

நேரில் போகிறவர்கள் ஊரிலிருந்து கடலோரப் பாதையில் வடக்கே நடந்தால், ராயல் சார்ட்டர் உடைந்த இடத்துக்கு மேலே நினைவுக்கல்லைக் காணலாம். அமைதியான நாளில் போனால் அந்த இடத்தின் கொடுமை பிடிபடாது. தென்மேற்குக் காற்றில் கீழே குளம்போலக் கிடக்கும். நீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள், பாறைப் படிகள் வெளியே தெரிவது அப்போதுதான். கப்பலின் மிச்சங்கள் ஆழமில்லாத நீரில், மணலுக்குள். பெரிய புயலுக்குப் பிறகு மணல் நகர்ந்து எதையாவது காட்டும். 2012-ல் அப்படித்தான் 97 கிராம் தங்கக் கட்டி ஒன்று கிடைத்தது. எதையாவது கண்டெடுத்தால் 28 நாளுக்குள் சிதைகலப் பொருள்களுக்கான அரசு அதிகாரியிடம் அறிவிக்கவேண்டும், பைக்குள் போட்டுக்கொண்டால் குற்றம்.